அசையாத கோடு

தையற்கார அம்மாளின் மூளைப் படம் சுத்தமாக வந்திருந்தது. ஸ்கேன் எடுக்கிறவளை அதுதான் உறுத்தியது.

அந்த அம்மாளை முதல் தடவை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அனுப்பியபோது பட்ட பாடு அவளுக்கு மறக்கவில்லை. கை நடுங்கும், தாடை நடுங்கும், தலை எதற்கோ மறுப்புச் சொல்வதுபோல் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு காதோரமும் பஞ்சுத் திண்டுகளைச் செருகி, "ஆடாம படுத்துக்குங்கம்மா, இதோ முடிஞ்சுது, இதோ முடிஞ்சுது" என்று மைக்கில் கெஞ்சிக் கூத்தாடி எடுத்தும், ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து எடுத்த போட்டோ மாதிரி படம் கலங்கிப்போய்த்தான் வந்தது. இப்போது அதே தலை, அதே இயந்திரம். ஒவ்வொரு மடிப்பும் உளியால் செதுக்கியதுபோல் திரையில் கூர்மையாக நின்றது.

படத்துக்கு அடியில், உள்ளே படுத்திருப்பவரின் தலை எவ்வளவு அசைந்தது என்று இயந்திரம் ஒரு மெல்லிய கோடு போட்டுக் காட்டும். நல்ல ஆரோக்கியமான ஆள் படுத்தாலும் அந்தக் கோடு சும்மா இருக்காது. மூச்சுக்கு மூச்சு மயிரிழை அளவாவது ஏறி இறங்கும். எச்சில் விழுங்கினால் ஒரு மேடு, வந்த கொட்டாவியை அடக்கினால் ஒரு குழி. தையற்கார அம்மாளின் கோட்டில் மேடும் இல்லை, குழியும் இல்லை. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிருந்தது.

அப்படிப்பட்ட கோட்டை அவள் ஒரே ஒரு பொருளிடம்தான் பார்த்திருக்கிறாள். காலையில் நோயாளிகள் வருவதற்கு முன் இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க உள்ளே வைக்கும், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டையிடம்.

"தூங்கிட்டாங்கக்கா, வேற என்ன?" என்றான் கூட வேலை பார்க்கும் டெக்னீஷியன். கண்ணாடியின் தடிமனைப் பார்த்து அந்த இடத்தில் எல்லாரும் அவனை சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

"தூங்கினா மூச்சு விட மாட்டாங்களா?"

"நோயாளி ஆடினாலும் திட்டுறீங்க, ஆடலேன்னாலும் பயப்படுறீங்க. பாவம், அவங்க என்னதான் பண்ணுவாங்க?"

அவள் சிரித்தாள். ஆனால் அந்தக் கோட்டைத் திரையிலிருந்து அழிக்கக் கை வரவில்லை.

ஸ்கேன் அறை கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது, வெளியே வெயிலா மழையா என்று நோயாளிகளின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிட் வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் சுவரிலேயே ஊறிப்போயிருந்தன. இயந்திரம் வேலை செய்யாத நேரத்திலும் அதைக் குளிர வைக்கும் பம்பு மட்டும் ஓயாது. ஏதோ பறவையைக் கூண்டில் அடைத்துவிட்டு மறந்துபோனதுபோல் கீச், கீச் என்று ஒரே கதியில் கத்திக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அவளுக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் காது அடைக்கும்.

அங்கே நடந்துகொண்டிருந்தது ஒரு மருந்து ஆய்வு. நடுக்க நோய்க்கான புது மாத்திரை. சேர்ந்தவர்களில் சிலருக்கு உண்மை மாத்திரை, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து பிடிக்கிறதா என்று நோயாளியின் வாயைக் கேட்டால் சரிவராது. நல்லாகிவிடுவோம் என்ற நம்பிக்கையே பாதிப் பேருக்குத் தெம்பு கொடுத்துவிடும். அதனால்தான் மூளையைப் படம் எடுத்து, முன்பு எப்படி, இப்போது எப்படி என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவளுடைய கணவரும் அந்த ஆய்வில் இருந்தார்.

கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர் அவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் மனிதரை. நோய் முதலில் பென்சிலைப் பிடுங்கியது. பிறகு சட்டைப் பொத்தானை, கடைசியில் பேச்சை. ஒரு சொல்லைத் தொண்டையிலிருந்து கிளப்பி வெளியே கொண்டுவருவதற்குள் நெற்றியில் வியர்த்துவிடும். அவருடைய நடுக்கத்துக்கு ஒரு தனி நடை உண்டு. வலது கைச் சுண்டுவிரலில் தொடங்கும், விரல் விரலாகத் தாவிக் கட்டைவிரலுக்கு வரும், ஒரு கணம் நிற்கும், மறுபடி சுண்டுவிரலுக்குப் போகும். வேலையில் எத்தனையோ நடுங்கும் கைகளைப் பார்த்தவள் அவள். இன்னொரு கை அப்படி நடுங்கிப் பார்த்ததில்லை. மாடிப்படியில் கேட்கும் காலடியை வைத்து ஆளைச் சொல்வதுபோல், இருட்டில் கையைத் தொட்டாலே அவர்தான் என்று சொல்லிவிடுவாள்.

சொந்தக்காரரை அவளே ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பது விதி. அவரை எப்போதும் சோடாபுட்டிதான் எடுப்பான். அவள் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டுவாள்.

மருந்து தொடங்கிச் சில வாரத்தில் நடுக்கம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது.

அதன்பின் அவளுக்குத் தூக்கம் கெட்டது. அவருடைய கை நடுங்கும்போது கட்டிலின் தளர்ந்த மூட்டு ஒன்று கிரீச்சிடும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியிருந்தாள். இப்போது கட்டில் ஊமையாகிவிட்டது. பக்கத்தில் அவர் மல்லாந்து படுத்திருப்பார். புரள்வதில்லை. குறட்டை இல்லை. அவள் மார்பில் கை வைத்துப் பார்ப்பாள், மூச்சு இருக்கும். கையை மெல்ல எடுத்து அவர் தலைமேல் வைப்பாள். அங்கே மயிரிழை அசைவும் இருக்காது.

ஒரு மாலை, அவளுடைய வேலைச் சட்டையின் ஓரம் பிரிந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் விளக்கடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குடு."

முதல் முயற்சியிலேயே நூல் ஊசிக்குள் போனது. நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி முடிச்சுப் போட்டார். துணியை முழங்கால்மேல் விரித்து, இழை தெரியாமல் பொடிப்பொடியாகத் தைத்துக்கொண்டே போனார். கடைசியில் குனிந்து, கடைவாய்ப் பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். உதட்டில் ஒட்டிய நூல் துணுக்கை நாக்கு நுனியால் துப்பினார்.

இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.

"எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

"எதை?"

"தையலை."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருடைய கையோ என்பதுபோல். "கை தானா போகுது" என்றார். பிறகு நிமிர்ந்து, தடங்கல் இல்லாமல், திக்காமல், முழுசாகச் சொன்னார்: "உன்னை ரொம்பத்தான் படுத்திட்டேன், இல்ல?"

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். ஊசியை மறந்தாள். அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டாள்.

தையற்கார அம்மாள் அடுத்த தடவை வந்தபோது காத்திருக்கும் இடத்தில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பஸ் டிரைவர், அவருக்கு அடுத்தாற்போல் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். மூவரும் ஆய்வுக்காரர்கள். முன்பெல்லாம் அந்த நாற்காலிகள் லொடலொடவென்று ஆடும், வாத்தியார் தன் கையைத் தானே திட்டிக்கொள்வார், டிரைவர் "என் வண்டி இன்னும் ஸ்டார்ட்லதான் நிக்குது" என்று தன் நடுக்கத்தையே கேலி பண்ணுவார். இப்போது பேச்சில்லை. நாற்காலிகள் கிரீச்சிடவில்லை.

"எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டாள்.

அம்மாள் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஒரு விரக்கடை கோணல்" என்றார். "மேல போகப் போக உள்ள சாயுது. கட்டினவன் நூல் பிடிக்கவே இல்ல."

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலின் சலிப்பை, கடைசியில் மூக்கால் விடும் அந்தச் சின்ன மூச்சை, அவள் கல்யாணமான நாள் முதல் வீட்டில் கேட்டுவருகிறாள்.

டிரைவர் தலையாட்டினார். வாத்தியார் தலையாட்டினார். இருவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். ஒன்றாக நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் பழைய கோடுகளைத் தோண்டி எடுத்தாள்.

ஸ்கேனில் ஒரு கட்டம் உண்டு. "ஒண்ணும் யோசிக்காதீங்க, சும்மா படுத்திருங்க" என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்கிற மூளையில் ரத்த ஓட்டம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பதிவு செய்வார்கள். அதுவும் ஒரு கோடாகத்தான் வரும், மலைத்தொடர் மாதிரி. ஆளுக்கு ஆள் வேறு; ஒரே ஆளுக்கே இன்றைக்கு வேறு, நாளைக்கு வேறு. மனம் என்பது அப்படித்தானே அலைகிறது.

வந்துபோன வரிசைப்படி அந்தக் கோடுகளை ஒரே திரையில் அடுக்கினாள். நடுக்கம் மாறாதவர்களின் கோடுகள் தாறுமாறாகக் கிடந்தன. மாவு மாத்திரைக்காரர்கள் போலிருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தவற்றை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தாள்.

டிரைவரின் கோடு ஒரு ஏற்றத்தில் பாதியில் அறுந்திருந்தது. வாத்தியாரின் கோடு அந்தப் பாதியிலிருந்து ஏறியது.

வாத்தியாருடையது ஒரு சரிவின் நடுவில் நின்றது. அவளுடைய கணவரின் கோடு அந்தச் சரிவிலிருந்து இறங்கியது. அவர் விட்ட இடத்தில் தையற்கார அம்மாள். மூட்டுத் தெரியவில்லை. அவள் கணவர் தைத்த துணியில் இழை தெரியாததுபோல். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்கள், ஒரே கோடு. ஒருவர் வாயிலிருந்து பாதி வாக்கியத்தை வாங்கி இன்னொருவர் தொடர்வதுபோல, ஏதோ ஒன்று, அவசரப்படாமல், நீளமாக யோசித்துக்கொண்டிருந்தது.

சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். இந்தத் தடவை கேலி பண்ணவில்லை. "மெஷின் கோளாறுக்கா" என்றான், தனக்கே சொல்வதுபோல. தண்ணீர் உருண்டையை வைத்துச் சோதித்தார்கள். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

அவள் டாக்டரம்மாவிடம் போனாள். ஆய்வை நடத்துகிற அந்த அம்மாள் நல்ல மனுஷி. சொந்தத் தகப்பனார் இதே நோயில் போனதால் இந்தத் துறைக்கு வந்தவர். பொறுமையாகக் கேட்டார். திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தற்செயலா இருக்கலாம்" என்றார்.

"அவங்க யாருமே அசையறதில்ல டாக்டர்."

"அசையாம இருக்கணும்னுதானே மருந்து குடுக்கிறோம்?" மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "நான் இதை மேல எழுதறேன்னு வைங்க. நாளைக்கே மருந்தை நிறுத்திடுவாங்க. உங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். பழையபடி ஆகிடுவாரு. நீங்களே சொல்லுங்க, எழுதட்டுமா?"

கீழே பம்பு கத்துவது அந்த மாடி அறைவரை கேட்பதுபோல் இருந்தது.

"வேண்டாம் டாக்டர்" என்றாள்.

கடைசிச் சுற்று ஸ்கேனுக்கு மருந்து பிடித்தவர்களை எல்லாம் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். அன்று பார்த்து சோடாபுட்டிக்குப் பல்வலி. தாடை வீங்கிப்போய் வரவில்லை. காலையில் டிரைவரையும் வாத்தியாரையும் அவளே எடுத்தாள். அவர்களுடைய தலைக்கோடு உருண்டையின் கோடுபோல் கிடந்தது. முடிந்த பிறகும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவில்லை. காத்திருக்கும் இடத்தில், தையற்கார அம்மாளுக்கு இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த முறை கணவருடையது.

"நீங்களே எடுத்துடுங்க, விதியெல்லாம் இன்னிக்குப் பார்க்க வேண்டாம்" என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டார்.

அவரைப் படுக்க வைத்தாள். காதில் பஞ்சு அடைத்தாள். கையில், பயந்தால் அழுத்துவதற்கான ரப்பர் குமிழைக் கொடுத்தாள். முகத்துக்குமேல் தலைக்கூண்டைப் பூட்டும்போது அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை; கூரையின் மூலையை அளந்துகொண்டிருந்தன. படுக்கை மெல்ல நகர்ந்து அவரை அந்த வெள்ளைக் குழாய்க்குள் எடுத்துக்கொண்டது. கால் பாதங்கள் மட்டும் வெளியே நின்றன.

அவள் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். இயந்திரம் அடிக்க ஆரம்பித்தது. தகரத்தை யாரோ உள்ளிருந்து குத்துவதுபோல் தட், தட், தட் என்று ஒரு சத்தம், அதற்குள் தேனீ இரைவதுபோல் இன்னொன்று, மேசைமேல் இருந்த தண்ணீர்க் கிளாஸில் வட்டம் வட்டமாகச் சிற்றலை.

தலைக்கோடு. தட்டை.

"சும்மா படுத்திருங்க" என்றாள் மைக்கில். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

மலைக்கோடு திரையில் எழுந்தது. வாத்தியார் காலையில் விட்ட இடத்திலிருந்து.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. இவ்வளவு பெரிய யோசனையில் அவர் எங்கே? அவருடைய கோபம் எங்கே? பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற அந்த மறதி எங்கே? இந்தக் கோட்டில் எந்த மேடு அவர்?

எத்தனையோ தடவை இது தொடங்கி முடிந்திருக்கிறது. யாரும் இதை நடுவில் வெட்டியதில்லை.

அவள் விரல் பொத்தானுக்குப் போனது.

நிறுத்தினாள்.

சத்தம் அறுந்தது. பம்பு மட்டும். கீச். கீச்.

பிறகு ஸ்பீக்கரில் ஒரு மூச்சு. ஈரமான, தடுமாறுகிற மூச்சு.

"இ... இ... இரு... இருட்டு..."

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கை... கை கு... குடு... எ... என்... கை..."

அவர். அவரேதான். சொல்லுக்குச் சொல் முட்டி மோதி, வியர்த்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவருகிற அந்தக் குரல். அத்தனை நாளும் எங்கே இருந்தார்? இயந்திரத்தின் காந்தம் இழுத்துவிடுமென்று இடுப்புச் சாவிக்கொத்தை மேசையில் வீசிவிட்டுக் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். குழாயின் வாயில் மண்டியிட்டு உள்ளே கையை நீட்டித் துழாவினாள். அவர் கை கிடைத்தது.

நடுங்கியது.

சுண்டுவிரலில் தொடங்கியது. விரல் விரலாகத் தாவிக் கட்டைவிரலுக்கு வந்தது. ஒரு கணம் நின்றது. மறுபடி சுண்டுவிரல்.

"நான்தாங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான்தான். இங்கதான் இருக்கேன். வந்துடுங்க. எனக்கு எதுவும் வேண்டாம், நடுங்கினா நடுங்கட்டும், பேசலேன்னா போகட்டும், நீங்க வந்துடுங்க."

கை அவள் கையை இறுகப் பற்றியது. முழு பலத்தோடு. குழந்தை பற்றுவதுபோல்.

சுண்டுவிரல் நின்றது.

"என்னங்க?"

மோதிரவிரல் நின்றது.

"இல்ல. இல்ல இல்ல. என்னைப் பாருங்க. என்னங்க!"

நடுவிரல். ஆள்காட்டி விரல். ஒரு வீட்டில் அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே யாரோ வாசலுக்கு வருவதுபோல். கட்டைவிரல் மட்டும் கொஞ்ச நேரம் அவள் மணிக்கட்டில் துடித்தது. அதுவும் அடங்கியது.

குழாய்க்குள்ளிருந்து, திக்காமல், மிகத் தெளிவாக, அன்பாகக்கூட ஒரு குரல் வந்தது.

"பாதியில நிறுத்திட்டியே. போய் மறுபடி ஆரம்பி."

அவள் கையை உருவப் பார்த்தாள். விடவில்லை. வலிக்கவில்லை, அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல்லுக்குள் கை மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரே ஆள் நடப்பதுபோல்.

தலையைத் திருப்பினாள்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். டிரைவர், வாத்தியார், நடுவில் தையற்கார அம்மாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மூன்று வலது கைகள் முன்னால் நீண்டு, காற்றில் எதையோ பற்றியிருந்தன. அவள் கையின் பருமனுக்கு. அவள் மணிக்கட்டின் சாய்வுக்கு.

அவள் இன்னொரு முறை இழுத்தாள். மூன்று கைகளும் அவள் இழுத்த பக்கம் சற்று அசைந்து, திரும்பப் பழைய இடத்துக்கு வந்து நின்றன.

அப்போது தையற்கார அம்மாளின் வாய் திறந்தது. உதடுகள் முட்டி மோதின. நெற்றி வியர்த்தது. சொல் எதுவும் வெளியே வரவில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன. வேறு யாரையும் அல்ல, அவளையே.

அந்த அம்மாளின் கை நடுங்க ஆரம்பித்தது. சுண்டுவிரலிலிருந்து, விரல் விரலாக.